முப்பத்துநான்காம் எண் மூடி

"மணி என்னங்க ஆகுது?"

மழை பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஆகியிருந்தது. பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில் இரண்டே பேர். ஒருத்தி அவள். கேட்டவன் சட்டைக்குள் எதையோ இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்ற நெட்டையன்.

அவள் கையைத் திருப்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஆறு பதினேழு."

"பாக்காமலே சொல்றீங்க..."

"பாத்து ரெண்டு நிமிஷந்தான் ஆச்சு. வாட்ச்சோடயே கெடக்கிறவங்களுக்கு அது தன்னால ஓடும்."

"அப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடியே கேட்டிருக்கணும் போல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆள், அதுவும் சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிற ஆள்... சிரித்து வைத்தால் அப்புறம் யார் பாடு படுவது?

"ஒண்ணு கேட்டாக் கோச்சுக்க மாட்டீங்களே?" என்றான் அவன்.

"கேட்டாத்தான் தெரியும்."

"வலது கண்ணைச் சுத்தி யாரு வட்டம் போட்டது?"

அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கடிகாரத்தைச் சோதிப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன உருப்பெருக்கி லென்ஸ், நாள் முழுக்க அழுத்தி அழுத்தி, வலது கண்ணைச் சுற்றி ஒரு தடத்தைப் பதித்துவிட்டிருந்தது. வேலை செய்யும் இடத்தில் இதற்காகவே அவளுக்கு ‘ஒத்தைக்கண்ணு’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் இத்தனை வருடத்தில், முகத்துக்கு நேராக அந்தத் தடத்தைப் பார்த்துக் கேட்டவன் இவன்தான்.

"கண்ணு பாக்கிறதுதாங்க என் பொழப்பு. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்," என்றான் அவன், சமாதானம் சொல்வதுபோல. "வலது கண்ணை மட்டும் போட்டு வேலை வாங்குறீங்க. இடது கண்ணு பாவம், நாள் பூரா மூடியே கெடக்கு. ஒருநாள் கடைப்பக்கம் வாங்க... ரெண்டையும் சேத்துப் பாத்துடலாம்."

சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் பார்த்த பார்வைதான் சாதாரணமாக இல்லை. ஈரத்தில் நனைந்த இமைகள், அதற்குள் நிதானமான பழுப்புக் கண்கள். எதையும் அவசரமாகப் பார்த்துப் பழகாத கண்கள்... அவள் சட்டென்று மழையைப் பார்த்தாள். மழையில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். அவன் ஏறவில்லை. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, மார்போடு அணைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றிருந்தான்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, காட்சியகத்தில் அவள் மேஜைமேல் கடைசிக் கடிகாரம் வர வேண்டியிருந்தது.

நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விண்கலம் நிலவைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பியது. அதற்காக ராப்பகலாக உழைத்த முப்பத்தாறு பேருக்கு, நினைவாக ஆளுக்கொரு தங்கக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நீல முகப்பு, ஆறு மணிக்கு மேலே பொட்டளவு நிலா, பின்மூடியில் கலமும் தேதியும் பொறித்த சித்திரம். வெளியிலிருந்து பார்த்தால் முப்பத்தாறும் ஒன்றுபோலவே இருக்கும். மூடியைத் திறந்தால்தான் அடையாளம். மூடியின் உட்புறம் ஓர் எண், கடிகாரத்தின் உடம்பில் உள்விளிம்பில் அதே எண். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சேகரிப்பவர்கள் அந்தக் கடிகாரத்துக்காக உயிரை விடுவார்கள். அதனாலேயே போலிகளும் உலவின. முப்பத்தாறையும் முதல்முறையாக ஒரே கூடத்தில் வைத்துக் காட்டப் போகிறார்கள்; அன்று அவற்றைப் பெற்றவர்களையும் மேடையில் வரிசையாக உட்காரவைக்கப் போகிறார்கள். ஒவ்வொன்றும் அசல்தானா என்று சொல்ல வேண்டியவள் அவள். முப்பத்தைந்து முடிந்துவிட்டது. அவள் ‘அசல்’ என்றால் அசல், ‘இல்லை’ என்றால் இல்லை. இந்தத் தொழிலில் அவள் வாக்கு இதுவரை பிசகியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் நிறையவே உண்டு.

கதவு திறந்தது.

"மணி ஒம்பது நாலு," என்றது ஒரு குரல். "இன்னிக்கு நான் சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். அதே நெட்டையன். சட்டைக்குள்ளிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். நேற்று மழையில் அவன் அணைத்துக்கொண்டு நின்றது இதைத்தான்.

"உங்களுதா?"

"அப்பாவோடது. நேத்தே குடுக்க வந்தேன், மூடிட்டாங்க. அவரு வெல்டர். கலத்தோட எரிபொருள் தொட்டியில கடைசி வெல்டிங் அவர் கைதான். முப்பத்தாறு பேர்ல இன்ஜினியர் இல்லாதவர் அவர் ஒருத்தர்." பெருமையை மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு. "இதைக் கட்டிக்கிட்டு வெளிய போனதே இல்ல. பொறி பட்டுடும்னு பயம். நாளைக்கு மேடையில கட்டிக்கிறதுக்காக நேத்தே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிட்டாரு."

அவள் புன்னகையோடு லென்ஸை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டாள். இடது கண் தானாக மூடியது. மெல்லிய கத்தியின் நுனியால் மூடியை நெம்பினாள். உடம்பின் விளிம்பில், முப்பத்துநான்கு. பட்டியலில் வெல்டரின் எண் அதுதான். மூடியைத் திருப்பினாள்.

ஒன்று.

மறுபடி பார்த்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஒன்றேதான். அவள் புன்னகை எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னங்க?"

பதில் சொல்வதற்குள் கதவு மறுபடி திறந்தது. விழாக்குழுத் தலைவரும் காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மாளும் உள்ளே வந்தார்கள். தலைவர் அந்தக் காலத்தில் கலத்தை அனுப்பிய குழுவையே நடத்தியவர். ஒன்றாம் எண் கடிகாரம் அவருடையது.

விஷயத்தைக் கேட்டதும் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "என் நம்பர் இதுல எப்படி வரும்? என் வாட்ச் கையில கட்டுன நாள்லேருந்து தொறந்ததும் இல்ல, நின்னதும் இல்ல. ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும்தான். ஒவ்வொரு மேடையிலும் அவர் சொல்லும் வாசகம் அது. அதற்காகவே, இரண்டு நாளைக்கு முன் கடிகாரத்தைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் ஒப்படைத்தபோது, ‘இதை மட்டும் திறக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டார். அவளும் பெரிய மனிதர் பேச்சுக்குத் தலையாட்டி, வெளிப்புறத்தை மட்டும் பார்த்து ‘அசல்’ என்று எழுதியிருந்தாள்.

"ஐயா... உங்க வாட்சையும் ஒருதடவ தொறந்து..."

தலைவர் அவளைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். மிச்ச வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர், இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான் குத்தியது. "பாவம், வெல்டர் சம்பளத்துல என்ன மிஞ்சியிருக்கும்? ஒரிஜினல் மூடியோ, முழு வாட்சோ, எதையோ வித்திருப்பாரு. டூப்ளிகேட் பண்ணினவன் எல்லாரும் போடுற மாதிரி ஒண்ணுன்னு போட்டுட்டான்."

கண்ணாடிக்கடைக்காரனின் முகம் வெளுத்தது. ஆனால் அவன் தலைவரிடம் பேசவில்லை. அவளிடம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க. எங்கப்பா வித்துட்டாரா?"

"மூடி... இந்த வாட்சோடது இல்ல."

"நான் அதைக் கேக்கல."

"என்னால அதைத்தான் சொல்ல முடியும்."

"இது ஒரே ஒரு தடவ சர்வீஸுக்குப் போச்சு. எட்டு வருஷம் இருக்கும். மத்தபடி பீரோவை விட்டு வெளிய வந்ததே இல்ல."

"எந்தக் கடைன்னு ரசீது இருக்கா?"

"இல்ல."

அவள் படிவத்தை எடுத்தாள். எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொறுப்பாளர் அம்மாள், அறிக்கைக்காகக் கடிகாரம் நாளைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்புறம் வாசலில் நின்ற ஊழியரைக் கூப்பிட்டு, மேடையில் ஒரு நாற்காலியை எடுத்துவிடச் சொன்னார். நாற்காலி இழுபடும் சத்தம் கூடத்திலிருந்து கேட்டது.

அவன் காலிப் பெட்டியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஒத்தைக் கண்ணால பாத்தா இவ்வளவுதான் தெரியும் போல," என்றான். கத்தவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனான்.

*

அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அறிக்கையை முடித்துத் தொலைத்துவிடலாம் என்று மூடியின் உட்புறத்தைச் சாய்வெளிச்சத்தில் படமெடுத்து, கணினித் திரையில் பெரிதாக்கினாள்.

எண்ணுக்குக் கீழே, விளிம்பையொட்டி, மயிரிழைக் கீறல்.

கடிகாரம் சரிசெய்பவர்கள் திறந்த ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பது வழக்கம். அடுத்துத் திறப்பவனுக்கு, இதை இன்னார் பார்த்தார் என்று தெரிய. ஆளுக்கு ஓர் அடையாளம். நட்சத்திரம், அம்பு, எழுத்து... இது மூன்று புள்ளி, அதன் கீழே ஒரு கோடு. பக்கத்தில் எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

மூன்று புள்ளி, ஒரு கோடு. அது அவளுடைய அடையாளம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அன்று ஒரே சமயத்தில், ஒரே மாதிரியான இரண்டு தங்கக் கடிகாரங்கள். ஒன்று ஏற்கனவே பிரித்து வைத்திருந்தது. இன்னொன்றை ஓர் அம்மாள் பதற்றத்தோடு கொண்டுவந்து, ‘சாயங்காலத்துக்குள்ள வேணும், தண்ணி போயிடுச்சு’ என்று நின்றாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். நேரமில்லை. இரண்டு மூடியையும் ஒரே கம்பிக்கூடையில் போட்டு, கழுவும் தொட்டியில் இறக்கியது இந்தக் கைதான். வெளியே எடுத்தபோது இரண்டும் ஒன்றுபோல மின்னின. உள்ளே இருக்கும் எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதே அப்போது அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் வெல்டரின் மூடி இப்போது எங்கே இருக்கிறது?

அவள் பெட்டகத்தைப் பார்த்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

திறந்து, ஒன்றாம் எண் கடிகாரத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் முப்பத்துநான்கு. கத்தி கையில். அறையில் யாரும் இல்லை. ஐந்து நிமிடம் போதும். இரண்டு மூடியையும் மாற்றிப் போட்டுவிட்டு, ‘எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். வேலை மிஞ்சும். பெயர் மிஞ்சும். வெல்டர் மேடையில் உட்காருவார். யாருக்கு என்ன நஷ்டம்?

கத்தி நுனியை விளிம்பில் வைத்துவிட்டாள். வைத்தபின்தான் யோசித்தாள். அவளே ‘அசல்’ என்று சொன்னாலும், ‘பாவம் பார்த்து விட்டுவிட்டாள்’ என்று தலைவர் சிரிப்பார். வெல்டர் விற்றார் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டதுதான். எந்தக் கரைசலில் கழுவினாலும் போகாது. அதைவிட... அந்தப் பழுப்புக் கண்களை எப்போதாவது ஒரு நாள் நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தால்?

கடிகாரத்தை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினாள்.

*

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. பதிவேட்டில் முகவரி இருந்தது. சாயங்காலம் ஆறரை. மழை தூறிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், அத்தனையும் அவளையே பார்ப்பதுபோல. உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர், கையில் பழைய தீத்தழும்புகள், மூக்குக்கண்ணாடித் திருகு ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தார். வெல்டர்.

மகன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். "கடை மூடுற நேரம்."

"கண்ணு காட்ட வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்."

நின்றபடியே சொன்னாள். கூடை, இரண்டு மூடி, மூன்று புள்ளி, ஒரு கோடு. எதையும் பூசி மெழுகவில்லை.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப அதுக்கப்புறம் எட்டு வருஷமா ஒரு நிமிஷம்கூடப் பிசகாம ஓடுதே... அது நீங்க கழுவினதுதானா? வேலை சுத்தமாத்தான் பண்ணிருக்கீங்க."

"அப்பா, சும்மா இருங்க," என்றான் மகன். அவளிடம் திரும்பினான். "காலையில எத்தனை பேர் முன்னாடி எழுதிக் குடுத்தீங்க?"

"மூணு பேர்."

"இப்ப அது முந்நூறு பேருக்குத் தெரியும். சாயங்காலம் ரெண்டு பேர் போன் பண்ணி, ‘வித்தா என்ன, கஷ்ட காலம்தானே’ன்னு அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாங்க. ஆறுதல்..." குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டான். "எங்கிட்ட வந்து சொன்னாப் போதுமா? அது ரொம்ப சுலபங்க."

"நாளைக்கு மேடையில சொல்லப் போறேன்."

"வேலை போயிடுமேம்மா," என்றார் பெரியவர்.

"போகும்."

"சொல்லுவீங்களான்னு பாக்கலாம்," என்றான் அவன். நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணமும் இருந்தது. அவள் படியிறங்கும்போது அவன் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை. மழை வலுத்துவிட்டது, குடையும் கொண்டுவரவில்லை... நனைந்துகொண்டே நடந்தாள்.

*

கூடம் நிரம்பியிருந்தது. மேடையில் முப்பத்தைந்து நாற்காலிகள். வரிசையில் ஓரிடத்தில் பல் விழுந்ததுபோல ஓர் இடைவெளி.

முப்பத்துநான்கு கடிகாரங்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தன. ஒன்றாம் எண்ணைத் தலைவரே தன் கையால் வைத்து விழாவைத் தொடங்குவதாக ஏற்பாடு. அவள் அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு மேடையோரம் நின்றாள். முன்வரிசையில் தலைவரின் மனைவி. கூட்டத்தில் யாரைத் தேடுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், இஸ்திரி போட்ட சட்டையில் பெரியவர். பக்கத்தில் நெட்டையன், கையைக் கட்டிக்கொண்டு.

தலைவர் ஒலிபெருக்கி முன் நின்றார். "இந்த வாட்ச், கட்டுன நாள்லேருந்து தொறந்ததும் இல்ல, நின்னதும் இல்ல..." கைதட்டல். கையை நீட்டினார்.

அவள் தட்டை நீட்டவில்லை.

"ஐயா, அது தொறந்திருக்கு," என்றாள். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. "தொறந்தது நான்."

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன்னால் தான் செய்த தவறு, நேற்று ஏற்பதற்கில்லை என்று எழுதிய தவறு, பெரிய மனிதர் சொன்னார் என்று இந்தக் கடிகாரத்தைத் திறக்காமலே அசல் என்று எழுதிய தவறு. மூன்றையும் சொன்னாள். "வெல்டர் ஐயா எதையும் விக்கல. அவரோட மூடி இதுக்குள்ள இருக்கு."

தலைவரின் முகம் சிவந்தது. "உன் தப்பை மறைக்க என் வாட்ச்தான் கெடைச்சுதா? நான் தொறக்க விட்டதே இல்லன்னு சொல்றேன். நான் பொய் சொல்றேனா?"

"நீங்க பொய் சொல்லல ஐயா. ஆனா..."

"கீழ இறங்கும்மா."

பொறுப்பாளர் அம்மாள் வேகமாக மேடையேறி அவள் முழங்கையைப் பிடித்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

"தொறக்கட்டும்."

முன்வரிசையில் தலைவரின் மனைவி எழுந்து நின்றிருந்தார்.

"நீங்க வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தீங்க. மறந்து சட்டைப் பையில வச்சிட்டுப் போயிட்டீங்க. நான் பாக்காம வாஷிங் மிஷின்ல போட்டுட்டேன்." அந்த அம்மாளின் குரல் நிதானமாக இருந்தது, எட்டு வருடம் ஒத்திகை பார்த்த நிதானம். "நின்னுபோச்சு. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள சரிபண்ணி, இருந்த எடத்துல வச்சுட்டேன். நீங்க ஒவ்வொரு மேடையிலயும் அதைச் சொல்லும்போது எனக்குத் திக்குத் திக்குன்னு இருக்கும். இன்னிக்கு ஒருத்தருக்கு நாற்காலி போயிருக்கு. இனிமே என்னால முடியாது."

எங்கோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லத் தலையசைத்தார்.

அவள் பையிலிருந்து கத்தியை எடுத்து மூடியை நெம்பினாள். திருப்பி அவர் கண்முன் பிடித்தாள்.

"எனக்குத் தெரியலியே..." என்றார் தலைவர். படிக்கும் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. அவ்வளவு சின்ன எண். முந்நூறு பேர் காத்திருக்க, அவர் மூடியைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

கூடத்தின் பின்னாலிருந்து காலடிச் சத்தம். நெட்டையன் நடுவழியாக நடந்து வந்து, மேடையேறி, சட்டைப் பையிலிருந்து கையடக்க உருப்பெருக்கியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

தலைவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"முப்பத்துநாலு," என்றார்.

அவள் பையில் கொண்டுவந்திருந்த முப்பத்துநான்காம் எண் கடிகாரத்தையும் எடுத்துத் திறந்து, எல்லார் கண்முன்னாலும் மூடிகளை மாற்றிப் பொருத்தினாள். ‘டிக்’, ‘டிக்’ என்று இரண்டு சின்னச் சத்தம். வெல்டர் படியேறி வந்தபோது யாரோ நாற்காலியை ஓடிக் கொண்டுவந்து போட்டார்கள்.

"எட்டு வருஷமா உன் மூடியை நான் கட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்பா," என்றார் தலைவர். "நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுடு."

"என் மூடி உங்களுக்கு உழைச்சுதா?" என்றார் வெல்டர்.

"நல்லா உழைச்சுது. மிஷின்ல போட்டது என் மூடி."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பொறுப்பாளர் அம்மாள் அவளிடம் கையை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பின்வாசலுக்கு நடந்தாள். திரும்பிப் பார்த்தாள், அவன் அப்பாவின் மணிக்கட்டில் கடிகார வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இங்கேயே அழுதிருப்பேன், பார்க்காதது நல்லதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்.

*

மூன்று வாரம். பழைய பழுதுபார்க்கும் கடையிலேயே பழைய மேஜை கிடைத்தது. ஒரு கடிகாரத்துக்கு ஒரு கூடை. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

அன்று தூறல். அவள் லென்ஸும் கண்ணுமாகக் குனிந்திருந்தாள்.

"மணி என்னங்க ஆகுது?"

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் குரல் மாறிவிடும். "பதினொண்ணு நாப்பது."

மேஜைமேல் வெல்வெட் பெட்டி வந்து உட்கார்ந்தது.

"அப்பா குடுத்துவிட்டாரு. கண்காட்சி முடிஞ்சுது. சர்வீஸ் பண்ணணுமாம்."

"என்கிட்டயா?"

"வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தனியாக் கழுவச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லென்ஸுக்குள் ஈரம் பட்டு எல்லாம் மங்கியது.

"ஒத்தைக் கண்ணுன்னு சொன்னேன் பாருங்க..." அவன் தயங்கினான். "அது மூணு வாரமா எனக்குள்ள குத்திக்கிட்டே இருக்கு. எதிர்க்கடை வரைக்கும் வந்து வந்து திரும்பினேன். அந்தக் கடைக்காரருக்கு என் மூஞ்சி மனப்பாடம். அந்த மேடையில நீங்க நின்ன மாதிரி நிக்க எனக்கு வராதுங்க. இந்த மேஜை முன்னாடி நிக்கிறதுக்கே மூணு வாரம் ஆயிருக்கு."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல எனக்கு மணி தெரியும். சட்டைக்குள்ள ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. என் பஸ்ஸே எதிர்ப்பக்கம்தான் வரும்."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"கேட்டா நீங்க வாட்சைப் பாப்பீங்க... அந்த நேரத்துல நான் உங்களைப் பாத்துக்கலாம்னு. நீங்கதான் பாக்காமலே சொல்லிட்டீங்களே." மூச்சை இழுத்துவிட்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்கே பிடிச்சுது. கோவம் வந்தப்பவும் பிடிச்சுது, அதுதான் கஷ்டமாப் போச்சு. இப்ப அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு, ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு, பதில் சொல்லுங்க. அவசரமில்ல."

அவள் லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நிமிர்ந்தாள். ஈர இமைகள், நிதானமான பழுப்புக் கண்கள், கூடவே இந்த முறை கொஞ்சம் பயம். இவ்வளவு தெளிவாக அவள் எதையும் பார்த்ததில்லை.

"கையை நீட்டுங்க," என்றாள்.

நீட்டினான். அவள் அதைத் திருப்பி, மணிக்கட்டின் உட்புறத்தில், வாட்ச் கட்டினால் யாருக்கும் தெரியாத இடத்தில், பேனாவால் மூன்று புள்ளி வைத்து, கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"இது எதுக்கு?" என்றான் அவன். குரல் அவன் வசத்தில் இல்லை.

"நான் தொறந்து பாத்ததுல எல்லாம் போடுவேன்," என்றாள் அவள். கையை விடவில்லை. "இனிமே இதை யாருகூடவும் மாத்திட முடியாது."